பானெட்டின் மேல் ஒரு கை

ருஸ்தவிச் சந்தையில் பார்க்கப் போனபோதே
பானெட் சூடாக இருந்தது.
டிசம்பர். மற்ற கார்களின் மேலெல்லாம் பனித்தூள்.
இது மட்டும் ஈரமாய்ப் பளபளத்தது,
இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி.
கையுறையை வீட்டில் மறந்திருந்தேன்.
உள்ளங்கையை வைத்தேன். இதமாக இருந்தது.
ஏமாற அவ்வளவு போதும்.

கோச்சா என்று பெயர் சொன்னான் விற்றவன்.
விலை பேசுமுன் சாவியைத் திருப்பினான்.
திருப்பிய கை திரும்புமுன் பற்றிக்கொண்டது இன்ஜின்.
"கூப்பிட்ட குரலுக்கு வரும்" என்றான்.
மூவாயிரத்து எண்ணூறு லாரி,
கூட அவன் மகளுக்கென்று ஒரு சாக்லேட்.

மறுநாள் குதாய்ஸியில், விடியாத ஐந்தேகாலுக்கு,
கூப்பிட்டேன்.
ர்ர்ர் என்றது.
ர்ர்ர்ர்ர் என்றது.
ஆறு மணிக்கு டயாலிசிஸ் பிரிவில் நான் நிற்க வேண்டும்.
பதினோராவது தடவை
வேண்டா வெறுப்பாக இருமிக்கொண்டு எழுந்தது.
மாலையில் ஆஸ்பத்திரி வாசலிலும் அதே கதை.
ஆனால் நடுவில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி எடுத்தால்
ஒன்றுமே தெரியாத பிள்ளை போலக் கிளம்பும்.

எங்கள் கட்டிடத்தில் ஒரு கார் கிளம்பாவிட்டால்
பைஜாமா போட்ட அத்தனை ஆணும் மெக்கானிக்.
மூர்த்தாஸ் பேட்டரி என்றான். மாற்றினேன், இருநூற்றுப் பத்து.
பாத்ரி பிளக் என்றான்.
நான்கையும் பிடுங்கித் துண்டில் பல்வரிசையாய் வைத்தான்.
சொத்தை எதுவும் இல்லை. இருந்தும் புதுப்பல் கட்டினோம்.
ஜுராப், வாயில் சிகரெட்டோடு,
டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.
ஸாஸா மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல்
பின்னால் போய்த் தள்ளினான்.

கோச்சாவுக்கு போன் போட்டேன்.
"அப்படியா? என்னிடம் ஒரு நாளும் செய்ததில்லையே!"
அவன் குரலுக்குப் பின்னால் ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ வருவதற்குள் சூடாகிக்கொண்டு.

ஒன்பதாம் நாள்
தரைத்தள ஜன்னல் படாரென்று திறந்தது.
நானுலி.
நாற்பத்தோரு வருடம் பியானோ சொல்லிக்கொடுத்தவள்.
ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.
அவள் பிடித்ததெல்லாம் பிள்ளைகளின் மணிக்கட்டுதான்.

"இங்கா! அந்தப் பெரிய சத்தத்துக்கு முன்னால்
ஒரு சின்னச் சத்தம் வருகிறதே, கேட்கவில்லையா?
பின் சீட்டுக்கு அடியில், கொசு மாதிரி.
அது பாடி முடிக்குமுன் வெட்டுகிறாய்.
செவ்வாய்க்கிழமை உன் கை வழுக்கியது.
கொசு இரண்டு தடவை முழுசாகப் பாடியது.
அன்றைக்கு உடனே கிளம்பிற்று.
எனக்கெப்படித் தெரியும் என்று பார்க்காதே.
உன்னால் ஒன்பது நாளாய்த் தூங்கவில்லை,
வேறென்ன செய்ய, கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்."

சாவியைப் பாதி திருப்பினேன். ம்ம்ம்.
காத்திருந்தேன். நின்றது.
அணைத்தேன். மறுபடி பாதி. ம்ம்ம்.
பிறகு முழுசாக.

பற்றிக்கொண்டது.
முற்றத்தில் ஒரு பேச்சில்லை, கொஞ்ச நேரம்.
"புது பேட்டரி ஆயிற்றே" என்றான் மூர்த்தாஸ்.

பட்டறையில் சொன்னார்கள்:
பம்பில் வால்வு கசிகிறது,
குழாயில் நிற்க வேண்டிய பெட்ரோல்
ராத்திரி முழுக்க டேங்குக்கே திரும்பி ஓடுகிறது.
புது பம்ப் நானூறு.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.
இரண்டு ம்ம்ம் இலவசம்.

நானுலி இலவசம் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை சியாதூராவில்
தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள்.
மடியில் கைப்பை, கண்கள் மூடியபடி.
"மூன்றாவது கியர் சுருதி சேரவில்லை."
"வலது பின்சக்கரத்தில் யாரோ தட்டுகிறார்கள், திறந்துவிடச் சொல்லி."
ரேடியோவைப் போட்டேன்.
அணைத்தாள்.
மலை ஏற ஏற, எனக்கும் கேட்கத் தொடங்கியது அந்தத் தட்டல்.
கேட்காமல் இருந்திருக்கலாம்.

தங்கை வீட்டு வாசலில் இறங்கியவள்
உள்ளே போகாமல் காரின் முன்பக்கம் வந்தாள்.
ஒரு கையுறையைக் கழற்றினாள்.
பானெட்டில் கை வைத்தாள்.

"நல்ல சூடு" என்றாள்.
"விற்பதானால் இப்போதே விற்றுவிடு."