அறுபத்தொன்றில் ஒரு பட்டாணி

குவோபியோவுக்கு வடக்கே
ஏரி உறைந்து கிடந்த மாதத்தில்
கோடை நடனக் கூடத்துக்கு
இரண்டு கொம்பு ஒலிபெருக்கிகள் செய்ய ஒப்புக்கொண்டோம்.
இல்மோவுக்கு இருபத்தாறு வயது. திரையைப் பார்த்தால் கண் வலிக்கும்.
எனக்கு ஐம்பத்தெட்டு. மென்பொருள் சொல்லாமல்
ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்.

முப்பத்திரண்டு ஹெர்ட்ஸ் அலையை நேராகக் கிடத்தினால்
பத்தே முக்கால் மீட்டர்.
எங்கள் பட்டறை ஆறு மீட்டர்.
மடிக்காமல் முடியாது.

தொண்டை, வாய், காந்தத்தின் வலு,
கேட்ட கட்டங்களில் எல்லாம் எண்களை இட்டேன்.
வந்தது ஒரு வளைகோடு, நூற்றுப் பத்தில் சின்னப் பள்ளத்தோடு.
பலகையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் பள்ளமும் நகர்ந்தது.
இரவு இரண்டரைக்குள்
நாற்பத்தேழு பெட்டிகளைக் கட்டிக் கலைத்திருந்தேன்
கையில் தூசு படாமல்.
"திருப்பத்தில் அலை உள்பக்கமாகக் குறுக்கே போகுமே,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?" என்றான் இல்மோ.
அப்படி ஒரு கட்டம் இல்லை.
என் மென்பொருளுக்கு எந்தக் கொம்பும் நேர்க்கொம்புதான்.

அவன் கணக்கு ஒரே வரி:
அறுபது சென்டிமீட்டருக்கு ஒருமுறை பரப்பு இருமடங்கு.
நூல், பென்சில், பால் அட்டையில் வெட்டிய மாதிரிகள்.
பெட்டியைப் படுக்கப் போட்டு, மூடும் முன்
தொண்டையில் உலர்ந்த பட்டாணியைக் கொட்டி அளந்தான்,
வியாழக்கிழமை சூப்புக்கு வைத்திருந்ததை.
அவனுக்கு ஒன்பதரை லிட்டர், எனக்கு ஒன்பதே கால்.
அந்தக் கால் லிட்டருக்காகக் காப்பி இரண்டு முறை ஆறியது.
பிறகு பசை தடவி மூடினோம்.

ஏப்ரலில் மைக்கை வைத்து அளந்தோம்.
திரையின் கோடும் பெட்டியின் கோடும்
சண்டைக்காரர்கள் ஒரே பஸ் சீட்டில் அமர்ந்ததுபோல
ஒட்டியும் ஒட்டாமலும்.
அறுபத்தொன்றில் மட்டும்
கிர்ர்ர்.

கேபிளை மாற்றினேன். திருகுகளை இறுக்கினேன்.
மூன்று இரவு மாதிரியைத் துருவினேன், காரணம் கிடைக்கவில்லை.
இல்மோ பலகையில் காதை வைத்தான்,
வைத்தபடியே சிரித்தான்.
"பட்டாணி."

நான்கு பேர் சேர்ந்து பெட்டியைத் தலைகீழாக்கினோம்.
உள்ளே அது உருளத் தொடங்கியது.
முதல் திருப்பம். ஒரு நிறுத்தம்.
நீண்ட ஓட்டம். இரண்டாம் திருப்பம். மறுபடி ஓட்டம்.
ஐந்து மாதம் நான் வரைந்த தூரத்தை
அன்றுதான் காதால் அளந்தேன்.
வெளியே வரவில்லை.
ஏதோ ஒரு மடிப்பில் தங்கிவிட்டது.

ஜூன். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம், கொசு.
டாங்கோவில் பாஸ் கிட்டார் அந்த ஸ்வரத்துக்கு இறங்கியபோது
ரௌனி துணைவரின் தோளுக்கு மேலாகக் கேட்டாள்:
"பெட்டிக்குள் வண்டு வளர்க்கிறீர்களா?"
நான் கோப்பைத் திறந்து, குறிப்பு என்ற இடத்தில்
61, பட்டாணி, எண்ணிக்கை ஒன்று
என்று எழுதிச் சேமித்தேன்.

அங்கே கூட்டத்தின் நடுவே
யாரோடோ தப்பும் தவறுமாக ஆடிக்கொண்டிருக்கும் இல்மோ
அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம்
ஒரு விரலை உயர்த்துகிறான்.