நடுத்தரம்

பலகையில் இருந்தது:
கழுதைக்காதுப் பாதை. போய்வர நாலரை மைல். நடுத்தரம்.
"யாருக்கு நடுத்தரம்?" என்று கேட்டேன்.
வெர்லிண்டா எட்சிட்டி தண்ணீர்க் குடுவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு நாலு. எனக்கு ஐந்து.
"நீ புதுசு, லவார்."

அவளுக்கு இருபத்தாறு. எனக்கு ஐம்பத்துமூன்று,
இந்த வேலைக்கு வந்து எட்டு நாள்.
அதற்கு முன் லாரி.
இடது கை வலது கையைவிடக் கறுப்பு,
இருபத்தேழு வருட ஜன்னல் வெயில்.

வேலை இவ்வளவுதான்:
வந்துபோகிறவர்கள் விளையாட்டுக்கு அடுக்கும் கற்களைக்
கலைத்துவிட்டு வர வேண்டும்.
வழி சொல்லும் அடுக்குகள் அறுபத்தொன்று.
மற்றதெல்லாம் புளுகு.
அப்படியொரு புளுகை நம்பிப் போனவரை
போன ஜூலையில் மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்,
ஜூனிப்பர் நிழலில், ஒரு காலில் மட்டும் ஷூ.
என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"உயிரோடதான்."

முதல் மைல் மணல்.
ஓரடி கொடுத்தால் அரையடி திருப்பி வாங்கிக்கொள்ளும் மணல்.
அப்புறம் பாறை.
சிவப்பு என்று சொல்லி முடித்துவிட முடியாது.
உடைந்த செங்கல்லின் உள்பக்கம்,
காய்ந்த மாதுளைத்தோல்,
மழையில் கிடந்த சங்கிலி,
நடுவே உப்பு மூட்டை ஒழுகியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு
குன்று குன்றாய்த் தொடர்ந்து போகிறது.
ஒல்லிக் கழுத்தில் கனத்த தலை வைத்த தூண்கள்.
"அது பாதிரியார், அது கெண்டி, அது ஒட்டகம்" என்று
ஜெர்மன்காரர்கள் இருவர் விரல் நீட்டி நின்றார்கள்.
வெர்லிண்டாவிடமும் கேட்டார்கள், உனக்கு எது மாதிரி தெரிகிறது?
"பாறை மாதிரி."

யாரையும் மூடிய பதுக்கையல்ல இவை,
யாருக்கும் நட்ட நடுகல்லும் அல்ல.
ஐந்தாறு கல், ஒரு போட்டோ, தீர்ந்தது.
ஷூ நுனியால் தொட்டால் சரிகிறது,
பீங்கான் தட்டுகள் மோதுகிற சத்தத்தோடு.
பதினேழுக்குப் பிறகு எனக்குக் கை வந்துவிட்டது,
அதாவது கால்.
இருபது. இருபத்தாறு. முப்பத்தொன்பது.
யாரோ கட்டியதை உதைப்பதில் இத்தனை சுகம் இருக்கிறதென்று
வீட்டில் சொல்ல முடியாது.

திரும்பும்போது பாறை வழுவழுவென்று
எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறங்கியது.
நாற்பத்துநான்காவது அடுக்கைக் காணோம்.
அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு என் ஷூவைப் பார்த்தாள்.

நவாஹோ மொழியில் ஏதோ சொன்னாள்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
கிழக்கே விளிம்பு வரை போய்
வெறுமனே திரும்பி வந்தாள். எண்பதடிப் பள்ளம்.
"இங்கேதான் எங்கேயோ" என்றாள்.
அந்த எங்கேயோவில்தான் முதல்முறையாக
அவள் குரலுக்கு இருபத்தாறு வயது.
ஐந்தாவது குடுவையைத் திறந்தோம். பாதிக்குப் பாதி.
வாயைத் துடைக்காமல் வாங்கிக் குடித்தாள்.

குடுவைக்கு நீட்டிய கையைத் தாண்டி
அப்போதுதான் கண்ணில் பட்டது:
கருஞ்சிவப்புப் பாறையில் ஒரு வெளிறிய வட்டம்,
தட்டு அகலம்,
கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு மாதிரி.
வருடக்கணக்காக ஒரு கல் உட்கார்ந்து
வெயிலை மறைத்த இடம்.

சிதறியதைப் பொறுக்கினேன். ஒன்பது கல்.
கறுத்த முகம் மேலே, வெளிறிய வயிறு கீழே.
ஒன்று மட்டும் எப்படி வைத்தாலும் ஆடியது.
அவள் குனிந்து, அதைப் புரட்டாமல்,
கால் சுற்று நகர்த்தினாள். நின்றது.

வண்டியில் ஏறிப் பதிவேட்டில் எழுதினாள்:
கலைத்தது முப்பத்தெட்டு. கட்டியது ஒன்று.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

இரவு வலது கை எரிந்தது.
விளக்கடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
இன்னும் நிறையக் கோடை இருக்கிறது.