ஒரு கால்தான் கொள்ளும்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்குக்
கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிறேன்.
பெரிய கால் என்றால் பத்தரை இஞ்ச்.
வீட்டு மேசையில் இருக்கும்
இருபத்தேழு இஞ்ச் ஃபோர்கே மானிட்டரில்
ஒரு ஜோடி, நிஜ அளவில்,
கொக்கிக்குக் கொக்கி தொட்டு நீட்டிப் படுக்கும்.
லேப்டாப் திரையில்
ஒரு கால்தான் கொள்ளும்.

ஆகவே போன ஞாயிறு
மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.
"யாருக்குங்க்கா முடியல?" என்றார் டிரைவர்,
கண்ணாடியில் பார்த்து.

காரணம் இருக்கிறது.
போன ஆடித் தள்ளுபடியில் இதே ஐந்து ரோட்டில்
வேறொரு கடையில் ஒன்று வாங்கினேன்.
"எல்லாமே வருங்க்கா" என்றார்கள்.
எல்லாமே வந்தது.
பை வந்தது, மவுஸ் வந்தது, ஒரு சுவர்க் கடிகாரம்கூட வந்தது.
மானிட்டரில் படம் மட்டும் வரவில்லை.
பக்கவாட்டில் ஒரே முகமாய் இரண்டு துளைகள்;
இரண்டும் கரண்டு குடிக்க மட்டும்.
பில்லின் அடியில், எறும்பு எழுத்தில்,
விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

இந்தக் கடைப் பையனின் பெயர் சட்டையில் இருந்தது: பூவேந்தன்.
போர்வையை அவிழ்த்ததும்
ரிப்பேர் மாடியில் என்று கை காட்டினான்.
"ரிப்பேர் இல்லைப்பா.
நீ விற்கிறதை இதில் சொருகிப் பார்க்கணும்."
முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.
முதலாளி ஃபேனைப் பார்த்தார்.

முதல் லேப்டாப், வெள்ளி நிறம்.
வெள்ளி எனக்குத் தெரியும்; இது பெயிண்ட்.
சொருகினோம்.
சிக்னல் இல்லை என்ற பெட்டி
என் மானிட்டரில் மூலைக்கு மூலை
வழி கேட்பது போல் அலைந்து
அணைந்தது.

இரண்டாவதில் படம் வந்துவிட்டது.
பூவேந்தன் தானே செய்தது போல் சிரித்தான்.
நான் மவுஸை ஒரு வட்டம் சுற்றினேன்.
அம்பு அந்த வட்டத்தை
தையல் பிரிந்த மாதிரி விட்டு விட்டுப் போட்டது.
செட்டிங்கைத் திறந்தால், முப்பது.
விநாடிக்கு முப்பது தடவைதான் இந்தத் துளை படம் தரும்.
"கண்ணுக்குத் தெரியாதுங்க்கா."
தம்பி, ஒரு கொலுசில் நூற்று நாற்பது முத்து.
ஒவ்வொன்றாய் இழுத்து வைப்பவள் நான்.
அறுபது வேண்டும்.
எனக்குத் தெரியும்.

மூன்றாவதை அவனே எடுத்து வந்தான்.
இப்போது அவனும் தேடினான்,
துளையோரம் மின்னல் குறி மட்டுமா,
கூடவே அந்தச் சின்னத் திரைக் குறியும் உண்டா என்று,
போன் டார்ச் அடித்து.
இருந்தது.
அறுபதும் இருந்தது.
கடை மானிட்டர் ஒன்றை அடுத்த துளையில் சேர்த்தோம்;
அதுவும் விழித்தது.
பென் டிரைவிலிருந்து மாங்காய்க் கொலுசைத் திறந்தேன்.
ஜோடியும் படுத்தது, இடது, வலது,
ஒரு மாங்காயும் நசுங்காமல்.
டி.வி. விலை கேட்க வந்த அம்மா ஒருவர்
குனிந்து பார்த்து
"இது எத்தனை கிராமுங்க?" என்றார்.

எடுத்து வந்த பணத்துக்கு மேல் பதினோராயிரம்.
இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்து
ரசீதின் பின்னால் மாடல் எண்ணைக்
கடைசி எழுத்து வரைக்கும் எழுதச் சொன்னேன்.
கடைசி எழுத்து மாறினால் துளையும் மாறிவிடும்.
அதன் கீழே:
இரண்டு வெளித்திரை, அறுபது, கடையில் சொருகிப் பார்த்தது.
முதலாளி சீல் வைத்தார்.
இந்தமுறை ஃபேனைப் பார்க்கவில்லை.

வெளியே ஏற்காட்டு மலை மழை கட்டிக்கொண்டிருந்தது.
அதே ஆட்டோ.
"சரியாயிடுச்சாங்க்கா?"
இதுக்கு ஒண்ணுமில்லைங்க,
பொருத்தம் பார்க்கக் கூட்டிப் போனேன்.
போர்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அமைஞ்சுதா?"
அமைஞ்சுது. சீர்தான்
பதினோராயிரம் சேர்த்துக் கேக்கறாங்க.
"எல்லா எடத்துலயும் அப்படித்தாங்க்கா" என்று
கியரைப் போட்டார்.
முதல் துளி விழ,
போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன்.