தொடையிலிருந்து வந்த பாதி

சாங்ஹுவா. மருத்துவமனையின் அடித்தளம்.
எம்ஆர்ஐ குழாய்க்குள் லியாவ் யுங்-ஃபா.
முப்பது வருஷம் லாரி,
முப்பது வருஷமும் கன்னத்தில் பாக்கு.

நாக்கில் பாதி இப்போது தொடை.

திரையில் அது வெள்ளையாய்த் தெரிகிறது: கொழுப்பு.
வேலையற்ற தசை அப்படித்தான் ஆகும்,
நல்லதுதான் என்கிறார் டாக்டர் பாய்.
சாம்பல் நிறம் வந்தால்தான் பயம்.

தையல் ஓரத்தில்
அரிசியளவு சாம்பல்.

மார்ச் மாதப் படத்தைப் பக்கத்தில் இழுத்து
அளக்கிறார். மறுபடி அளக்கிறார்.
அதே அரிசி.
வடு.

எழுந்து வந்த லியாவ்
எச்சில் ஒழுகக் குழறுகிறார்:
"நாக்குல மயிர் முளைக்குது டாக்டர்,
சவரக்கத்தி தருவீங்களா?"

பாய் சிரித்துக்கொண்டே காகிதம் நீட்ட,
துடைத்துவிட்டு
பழக்கதோஷத்தில் விரித்துப் பார்க்கிறார் லியாவ்.

சிவப்பில்லை.