நாலு விரல்

உத்தரவு என் பையில்.
உத்திரம் தலைக்கு மேல்.
முனிச்சாலைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டை
அளந்து, வரைந்து, இரண்டாக்கித் தரச் சொல்லி
நீதிமன்றம் என்னை ஆணையராய் அனுப்பியிருந்தது.

இருபத்திரண்டு அடி நாலு அங்குலம்.
பர்மாத் தேக்கு. ஒரே மரம்.
டேப்பின் ஒரு நுனியை மூத்தவர் பரசுராம் பிடித்தார்,
மறு நுனியை ஜனார்த்தனன்.
பதினோரு வருஷத்தில் இருவரும்
சேர்ந்து பிடித்த முதல் பொருள் அதுதான் என்று
வாசலில் யாரோ சிரித்தார்கள்.
தாளில் என் சிவப்புக் கோடு
பதினோரு அடி இரண்டு அங்குலத்தில்
மரத்தைக் கடந்து போனது.

"அறுத்தால்?" என்றேன், தெரியாமல்.
தச்சர் ரெத்தினசாமி ஏணியிலிருந்து குனிந்தார்:
"அறுத்தா ரெண்டு பேருக்கும் வானம் கிடைக்கும்மா."

இறங்காமலேயே பேசினார், காதில் பென்சிலோடு.
கல்லுக்கு வளையத் தெரியாது,
அதனாலதான் கோயில்ல அதுக்கு ஆயிரம் கால்.
மஹால்ல உத்திரம் தேடாதீங்க,
செங்கல்லு செங்கல்லு மேல சாஞ்சு நிக்குது,
நடுவுல ஒருத்தன் கோவிச்சுக்கிட்டா அவ்வளவுதான்.
ஸ்டேஷன் பக்கம் பழைய குவார்ட்டர்ஸ்ல தண்டவாளமே உத்திரம்,
சீமைக் கம்பெனிப் பேரு புடைச்சிருக்கும்,
சித்திரை வெயிலுக்கு நீண்டு சுவரை இடிக்கும்.
ஜப்பான்காரன் ஆணியே அடிக்கிறதில்லை.
சொல்லிவிட்டு, போனை நீட்டினார்.
ஒரு மரத்தின் நாக்கு
இன்னொரு மரத்தின் வாய்க்குள்
சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.
அண்ணனும் தம்பியும் எட்டிப் பார்த்தார்கள்.
"மறுபடி போடுங்க," என்றார் தம்பி.
அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒட்டடை தட்டியதும் பக்கவாட்டில் எழுத்து:
வட்டம் வட்டமாய், மௌல்மீனில் எவனோ செதுக்கியது.
பக்கத்திலேயே, உளியால், நம்மூர் ௩.
ஆற்றில் மிதந்து, கப்பலேறி,
தூத்துக்குடியில் இறங்கிய கட்டையை
இருவரும் ஒரே எண்ணாகத்தான் எண்ணினார்களா,
எனக்கு அந்த வட்டங்களை வாசிக்க வராது.
'குறிகள் உள்ளன' என்று எழுதினேன்.
'அடியில் தறிக்கான இரும்புக் கொக்கிகள், ஏழு.
ஒன்றில் தற்போது வைஃபை பெட்டி.'

தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான்.
நடுவில் படுத்து
இத்தனை மட்டப்பாவைச் சுமக்கிறதைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

புரட்டாசியில் சுவர் எழுந்தது, ஹாலோ பிளாக்.
உத்திரம் கடக்கும் இடத்தில் மட்டும்
அடியில் நாலு விரல் விடச் சொன்னார் ரெத்தினசாமி.
"ஐப்பசி மழைக்குத் தளம் ஊறும், மரம் தொய்யும்.
தையில நிமிரும்.
முட்டுச்சுன்னா வெடிக்கிறது சுவருதான்."

நாலு விரல், என் ஸ்கேலில் மூன்று அங்குலம்.

மறு ஆய்வுக்குப் போன சாயங்காலம்
அந்த இடுக்கு வழியே கிழக்கு வீட்டு ட்யூப் லைட்
மேற்கு வீட்டுத் தரையில்
உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தது.
ஒரு குக்கர் விசிலடித்தது.
இரண்டு வீட்டிலும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள்.
தம்பி பழைய சேலையைச் சுருட்டி அடைத்திருந்தாராம்.
ஒரு வாரம் இருந்தது.
எலி இழுத்தது என்றார்.
எலி சேலையை மடித்து
ஜன்னலில் வைக்குமா என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஆட்சேபணை மனு வந்திருக்கிறது,
இரு தரப்பிலிருந்தும், ஏறக்குறைய ஒரே வாசகத்தில்:
அந்த மூன்று அங்குலம் யார் பங்கு?

கே.புதூரில் என் வாடகை வீட்டில்
வெறித்துப் பார்க்க ஒரு விட்டம் கிடையாது.
கான்கிரீட்டுக்குள் எங்கோ கம்பியாய்ப் புதைந்திருக்கிறது.
வெள்ளைத் தளத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன்.
காலை பத்தரைக்குள் பத்தி பதினான்கை முடிக்க வேண்டும்.
'மேற்படி இடைவெளியானது'
என்று தொடங்கி
மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தேன்.