எஃப் ஷார்ப்பில் ஒரு பொட்டு

பொட்டிக்கு ஒரே குணம் கிடையாது.
வாங்கின அன்றைக்கு அது தெரியாது.
மஞ்சக்குப்பத்துக் கடைக்காரர்
"எல்லாம் உள்ளேயே இருக்கு மேடம்" என்றார்.
அந்த எல்லாம் யார் யார் என்று
அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

சும்மா விட்டால் அறுபத்தொரு கட்டையும் பியானோ.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ஒரே வீடு, ஒரே உலை.

பிரித்தால்
எஃப் ஷார்ப்பில் ஒரு கோடு விழும்.
மேடை விளக்கில் கை தவறுமென்று
அந்தக் கறுப்புக் கட்டையின் நுனியில்
சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறேன்.
பொட்டுக்கு இந்தப் பக்கம் ஏவல்,
அந்தப் பக்கம் பாட்டு.

ஒற்றை விரல் முறை சோம்பேறிகளுக்கு என்பார்கள்.
இருக்கட்டும்.
ஒரு விரல் வைத்தால் போதும்,
டிரம்ஸ் வரும், பேஸ் வரும், கிடார் வரும்,
அட்வான்ஸ் கேட்காமல்,
பண்ருட்டி பஸ் கிடைக்கலை என்று சொல்லாமல்.
கூடவே இடப்பக்கத்துக் கறுப்பைத் தொட்டால்
அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் துக்கம்.
பக்கத்து வெள்ளையைத் தொட்டால்
கடன் கேட்க வந்தவர்
வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதுபோல்
கார்டு வாசலில் நிற்கும்.

மூன்று விரல் முறை கறார்.
இரண்டு விரலுக்கு முகம் கொடுக்காது.

முழுக்கட்டை முறைக்குத்தான் எனக்குப் பயம்.
வலக்கை தன்பாட்டுக்கு முணுமுணுப்பதையும்
ஒட்டுக்கேட்டு,
அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து,
பின்னால் எல்லாரையும் மாற்றிவிடும்.
என் நாத்தனார் இந்த வகை.

ஒன்பது பேராக இருந்தோம்.
பொட்டி வந்து ஆறு மாதத்தில்
நானும் பாடுகிற ஞானதீபனும்தான்.
யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை.
"ரெண்டு பேர் போதுமே" என்றார்கள் கல்யாண வீட்டார்.
பேஸ் வாசித்த மாசிலாமணி
முதுநகருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.
ஒருமுறை ஏறினேன்.
மீதிச் சில்லறையை எண்ணி, சரியாகக் கொடுத்தார்.

நேற்று வண்டிப்பாளையத்தில் ரிசப்ஷன்.
பெண்ணுக்கு அவர் சித்தப்பா என்று
மேடை ஏறின பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமி எழுந்தபோது
பொட்டி எல்லாவற்றையும் மறந்திருந்தது.
தாளம் இல்லை, வேகம் இல்லை, கோடு இல்லை,
கடையில் பார்த்த அதே வெறும் பியானோ.
பட்டன்களைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்.
பட்டுவேட்டி, வாயில் பீடா,
இடப்பக்கம் வந்து நின்றார்.

"பிரிச்சு மட்டும் குடு.
ரிதம் வேணாம்.
கீழ பேஸ் வை."

வைத்தேன்.
இரண்டே விரலில் ஆரம்பித்தார்.
நான் நின்ற இடத்திலேயே ஒரு சாண் நகர்ந்தேன்.
சரணத்துக்கு முன்னால்
ஒரு மூச்சு தாமதித்தார்.
பொட்டி ஒருநாளும் தாமதித்ததில்லை,
எனக்கு அது மறந்தே போயிருந்தது,
தடுக்கி முன்னால் விழுந்தேன்.
அவர் காத்திருந்தார்.

ஒருதடவை உற்சாகத்தில்
அவர் சுண்டுவிரல் பொட்டைத் தாண்டியது.
பேஸ் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு வயலின் கீச்சென்றது.
சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்போல்
கையை இழுத்துக்கொண்டார்.
பந்தியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்,
அது பாயசத்துக்காகவும் இருக்கலாம்.

ஒயரைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்தார்.
"ஒத்தை விரல் வச்சா எல்லாரும் வந்துருவாங்களாமே?"
"வருவாங்க."
"நானும்?"
"நீங்களும்தான்."
கொஞ்ச நேரம் அறுபத்தொரு கட்டையையும் பார்த்தார்.
"இந்த மாடல் இப்ப என்ன விலை?"
சொன்னேன்.
"ஆட்டோவுக்கே இன்னும்
பதினாலு தவணை கெடக்கு" என்றார்.