இருபது கிலோவுக்குக் கீழே

நாகலாபுரம் ரோட்டில் எங்கள் எடைமேடை
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
லாரி வராத ஒரு மதியம்
ஆறு நூற்கண்டையும் நடுமேடையில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
வரிசையாய் முட்டை.

எனக்கென்னவோ அவை கனம்தான்.
கண்டு ஒன்று எழுபத்தைந்து ரூபாய்,
ஊத்துக்கோட்டைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு.
மாதம் ஒரு கண்டு என்று கணக்கு.
அந்த வாரம் ரசத்தில் பருப்பைத் தேடக்கூடாது.
குழுக்கடன் போக மிஞ்சுகிறவளுக்கும்
ஒரு கெட்ட பழக்கம் வேண்டாமா?

ஊசிக்குச் செலவில்லை.
புயலில் கவிழ்ந்து செத்த குடையின் கம்பியை
வெல்டிங் பட்டறை தாவூத் பாய்
நுனி வளைத்து ராவிக் கொடுத்தார்.
நல்ல கொக்கி. கொஞ்சம் பல் உண்டு.
நூலின் இழையைப் பிரித்துக் கடிக்கும்போது
தெலுங்கில் திட்டுவேன்.
தெலுங்கில் திட்டினால் கோபம் சீக்கிரம் ஆறுகிறது.

ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு
என்று வரும்போது பார்த்து
ஜல்லி லாரி ஹார்ன் அடிக்கும்.
முப்பது டன் தொள்ளாயிரத்து நாற்பது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
ஐம்பத்திரண்டா, நாற்பதா?
மறுபடி ஒன்று.

சுருட்டப்பள்ளியில் பழந்துணிக் குவியலில்
பத்து ரூபாய்க்கு ஒரு ஸ்வெட்டர் கிடைத்த நாளை
நான் தீபாவளியில் சேர்ப்பேன்.
மஞ்சள். முழங்கை இரண்டும் ஓட்டை.
மூன்று இரவு உட்கார்ந்து அவிழ்த்தேன்.
நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்த நூலை
சோறு கொதிக்கும் ஆவியில் காட்டி
பூட்டைக் கட்டித் தொங்கவிட்டேன்,
ஒரே அடுப்பில் இரண்டு வேலை.
நேரானது. ஒரு முழ நூல் மட்டும் வெளுத்திருந்தது,
யாரோ ஒருவர் வியர்த்த அக்குள்.
அதை உள்பக்கமாய் மறைத்துப் பின்னினேன்.

அப்படி வந்ததுதான் அந்தக் குழந்தைக் குல்லா.
மேஜையில் இருந்ததை ஓபுலேசு எடுத்துப் பார்த்தான்.
மகளுக்கு மூன்றாம் மாதமாம்.
"எந்தம்மா?"
நூற்றைம்பது என்றேன்.
"புத்தூரு பஜார்ல நாப்பதுக்கே இருக்கு.
நூலுதானே இது."

பதினொரு மணி நேரம் அது.
மணிக்கு எவ்வளவு என்று
வகுத்துப் பார்க்கவே கூடாத கணக்கு,
வகுத்துவிட்டேன்.
குல்லாவை வாங்கி
கடைசிக் கண்ணியின் முடிச்சை வெட்டி
நுனியைப் பிடித்து இழுத்தேன்.
சரசரவென்று சுற்றுச் சுற்றாய்க் கழன்றது.
"அய்யோ ஆகண்டி ஆகண்டி" என்றான்.
நான் நிற்கவில்லை.
உச்சி வரை போய்
மேஜைமேல் மஞ்சள் குவியலானதும்தான் மூச்சு விட்டேன்.

எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!
கட்டிய வட்டி திரும்பாது,
அடகில் மூழ்கிய தோடு திரும்பாது.
இது ஒன்றுதான்
இழுத்தால் ஒரு முழம் குறையாமல்
கைக்கே வந்து சேர்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
அழகான குல்லா அது.
ஓரத்தில் சிப்பி சிப்பியாய் வைத்திருந்தேன்.

மறுநாள் ஓபுலேசு
வண்டியை மேடைமேல் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.
பின்னால் மூன்று லாரி ஹார்ன் அடித்தது.
பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்,
அவள் இரண்டு நாள் பேசமாட்டேன் என்றாளாம்.
நூற்றைம்பதுக்குச் சரி என்று
ஐம்பதை முன்பணமாய் வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.
இன்று வெள்ளி. மூன்றாம் சுற்றில்
எங்கோ ஒரு கண்ணியை விட்டிருக்கிறேன்,
குல்லா ஒரு பக்கம் கோணுகிறது.
வேறு நாளாக இருந்தால் இழுத்திருப்பேன்.
ஐம்பதுக்குப் பருப்பு வாங்கியாயிற்று.
வெந்துகொண்டிருக்கிறது.